சார்ஜ் வயர் உறைந்த ஞாயிறு: குன்வோர் அண்ணிக்கு ஒரு விளக்கம்

ரோரோஸ்,
பிப்ரவரி 6, வியாழன் காலை.
ஜன்னல் வெப்பமானி: மைனஸ் 22, காற்றில்லை.

ஆண்டவருக்குள் பிரியமான குன்வோர் அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி போர்கில்ட் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். உங்கள் தம்பி ஹால்வருக்கு வயிற்றெரிச்சல் குறைந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் முதல் காபியைத் தொடாமல் இருக்கிறார், அதனால்தான் என்கிறார் டாக்டர். அங்கே நீங்களும் மகள் மாரித்தும், ஞானஸ்நானம் பெற்ற பேத்தி தூவாக்குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

நேற்று உங்கள் பொட்டலம் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. பஞ்சில் சுற்றி வைத்திருந்த, உங்கள் அம்மா மார்பில் குத்திக்கொள்ளும் அந்த வெள்ளி ப்ரோச்சையும், கூட இருந்த மூன்று வரிச் சீட்டையும் பெற்றுக்கொண்டேன். "போதையில் கொடுத்த நகை எனக்கு வேண்டாம். போதையில் சொன்ன வார்த்தை அம்மாவின் வார்த்தை ஆகாது. தெளிந்த பிறகு யோசித்துக்கொள்." சீட்டை நான்கு முறை படித்தேன். நான்காவது முறை உங்கள் தம்பியையும் படிக்கச் சொன்னேன். அவர் படித்துவிட்டு, "அக்கா கையெழுத்து அழகு" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அதற்கு மேல் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணி, நான் தெற்குக் கரையிலிருந்து இந்த மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். பதினாறு வயதில் எங்கள் ஊர் ஜெப வீட்டில் மதுவிலக்கு அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அந்த அட்டை இன்னும் வேதாகமத்துக்குள் இருக்கிறது. ஐம்பத்தோரு வருடத்தில் ஒரு சொட்டு என் நாக்கில் பட்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என்மேல் சாராய வாடை அடித்தது உண்மை. குழந்தையை என் தோளில் சாய்த்ததும் அது இரண்டு முறை தும்மியதும் உண்மை. அந்த வாடை எங்கிருந்து வந்தது என்பதை ஆதியிலிருந்து சொல்கிறேன். நான் வெப்பநிலையும் சார்ஜ் அளவும் தினமும் குறித்து வைக்கும் நோட்டு எதிரிலேயே இருக்கிறது. அதில் உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நான் பின்னிய கம்பளித் தொப்பி. உங்களுக்கும் ஒன்று கிறிஸ்துமஸுக்கு அனுப்பினேனே, நீங்கள் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இது என்ன, பூனைக்குக் குல்லாவா?" என்று கேட்டீர்களே, அதேதான். அது சார்ஜ் வயரின் பிளக்குக்கு. இந்த மின்சாரக் கார் வந்த முதல் குளிரிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பிளக் செருகும் இடத்தில் பனி புகுந்துவிடுகிறது என்று. நான் பள்ளியில் இதெல்லாம் படித்தவள் இல்லை. காரோடு வந்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். அதில் பனி விழாமல் மூடி வைக்கச் சொல்லியிருந்தது, எதனால் மூடுவது என்று சொல்லவில்லை. குளிர் என்றால் கம்பளி. காலுக்குக் கம்பளி, காதுக்குக் கம்பளி, பிளக்குக்கு மட்டும் ஏன் கூடாது? மிச்ச நூலில் எட்டிதழ் நட்சத்திரம் வைத்துப் பின்னி, கீழே நாடா கட்டி, ஜெப வீட்டுப் பெண்கள் கூட்டத்தில் காட்டினேன். பாராட்டினார்கள். அதுதான் என் பெருமையின் தொடக்கம், அண்ணி. பெருமைக்கு என்ன வருமோ அது வந்தது.

வெள்ளிக்கிழமை திடீரென்று குளிர் விட்டு மழை பெய்தது. அங்கேயும் பெய்திருக்கும், சாலையெல்லாம் கண்ணாடியாக உறைகிற அந்த மழை. சனிக்கிழமை மாலை காருக்குச் சார்ஜ் போட்டு, நாற்பத்தொரு சதவீதம் என்று குறித்துக்கொண்டு, தொப்பியை மாட்டி நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டேன். மழை தூறிக்கொண்டுதான் இருந்தது. கம்பளி குடிக்க முடிந்த மட்டும் குடித்தது. ராத்திரியில் மைனஸ் இருபத்தொன்பதுக்கு இறங்கியது. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஊகத்தால்தான் இந்தப் பொட்டலம் திரும்பி வந்தது.

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு நான் ஞானஸ்நானத்துக்கான விழா உடையை உடுத்தி, மார்பில் அம்மாவின் ப்ரோச்சைக் குத்திக்கொண்டு, பன்களை அடுப்பில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். உங்கள் தம்பி வெளியே போனவர் திரும்பி வந்து வாசற்படியில் நின்றார்.

"வராது" என்றார்.

"எது வராது?"

"வயர்."

போய்ப் பார்த்தேன். கார் நூறு சதவீதம் சார்ஜ் ஆகி, பச்சை விளக்கு எரிய, எனக்கென்ன என்று நிற்கிறது. பிளக் இருந்த இடத்தில் என் தொப்பி, நட்சத்திரம் அப்படியே தெரிய, கருங்கல்லாக உறைந்திருக்கிறது. கத்தரிக்கோலால் தொப்பியை வெட்டி எடுத்தோம். உள்ளே பிளக்கும் காரும் ஒரே பனிக்கட்டி. பிளக் மாட்டியிருக்கும்வரை கார் நகராது. அது காரின் சட்டம், புத்தகத்தில் பக்கம் 208. ரோரோஸில் அன்று ஓடிய ஒரே டாக்ஸி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு டிரான்ஹெய்ம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. உங்கள் தேவாலயத்துக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர். ஆராதனை பதினொரு மணிக்கு. குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கவேண்டிய ஞானத்தாய் நான். என்னை அந்த இடத்துக்கு மாரித் கேட்டபோது நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். நான் வரவில்லை என்றால் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதையும் ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்வீர்கள்.

முதலில் கார் பக்கத்தில் நின்றபடியே ஜெபம் பண்ணினோம். பிறகு முடி உலர்த்தும் கருவியை நீட்டு வயரில் மாட்டிக் கொண்டுவந்தேன். அந்தக் குளிரில் நீட்டு வயரே கம்பு மாதிரி விறைத்துக்கொண்டது, மடங்கவே மாட்டேன் என்றது, ரெண்டு பேரும் ஏணி தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தோம். அது ஊதிய காற்று என் மூச்சைவிடக் குளிர்ச்சி. ஐந்து நிமிடத்தில் ஃபியூஸ் போனது. மின் அடுப்பும் அணைந்தது. பன்கள் பாதி வெந்த நிலையில் உட்கார்ந்துவிட்டன. உங்கள் மேஜையில் அன்று வைத்த என் பன்கள் ஏன் நடுவில் மாவாக இருந்தன என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இதுதான் காரணம்.

அடுத்து நான் செய்ததை அறிக்கை செய்கிறேன். பக்கம் 211இல் கொட்டை எழுத்தில், வெந்நீர் ஊற்றாதீர்கள் என்று போட்டிருக்கிறது. அடியில் கோடு போட்டவளே நான்தான். ஆனால் மணி எட்டரை ஆகிவிட்டது, விறகு அடுப்பில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, மனம் சொன்னது, ஒரே ஒரு கெட்டில்தானே என்று. ஊற்றினேன். ஆவி பறந்தது. ஒரு கணம் பிளக் அசைகிற மாதிரி இருந்தது. அடுத்த கணம் அந்தத் தண்ணீர் முழுதும் பிளக்கைச் சுற்றிக் கழுத்துப்பட்டை மாதிரி உறைந்து, பழைய பனிக்கு மேல் புதுப் பனியாக, மினுமினுவென்று நின்றது. உங்கள் தம்பி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இன்னொரு கெட்டில் போடட்டுமா?" என்றார். கல்யாணம் ஆகி நாற்பத்தொரு வருடத்தில் அவர் அடித்த இரண்டாவது கேலி அது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஓட்மார் வேலிக்கு அந்தப் பக்கம் இருமினார். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகாதவர், நல்ல மனிதர், ஆனால் வீட்டுக்குள் பூட்ஸ்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கேன் வைத்திருக்கிறார், அதில் அவரே காய்ச்சுவது இருக்கிறது. அதனால் நாங்கள் மரியாதையான தூரத்தில் இருக்கிறோம்.

"அக்கா, நாப்பது நிமிஷமா ஜன்னல்ல நின்னு பாத்துட்டேதான் இருக்கேன்" என்றார்.

"பாத்துட்டு ஏன் ஓட்மார் வரல?"

"கூப்பிடாம எப்படிக்கா வர்றது? நீங்களும் ஜெபம் பண்ணிட்டு இருந்தீங்க. நடுவுல பூந்தா நல்லாவா இருக்கும்?"

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்களும்தான் அவரைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கதவைத் தட்டுவதா என்று இருந்தோம். அவருடைய வண்டியில் எங்களைக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டேன். "வண்டி ரெடிக்கா, நான்தான் ரெடி இல்ல. சனிக்கிழமை இன்னும் உடம்ப விட்டுப் போகல" என்றார். பிறகு குனிந்து பிளக்கைப் பார்த்தார். வெட்டிப் போட்ட தொப்பியையும் எடுத்துப் பார்த்தார்.

"இத யாரு பின்னினது?"

"நான்தான்."

"அழகா இருக்கு. ஈரக் கம்பளிய இரும்புல கட்டி ராத்திரி வெளிய விட்டிருக்கீங்க. கதவையே இதால ஒட்ட வைக்கலாமேக்கா! ஹால்வர் அண்ணே, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா?" என்றார் உங்கள் தம்பி.

ஓட்மார் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போய் அந்தக் கேனையும் எண்ணெய் ஊற்றும் புனலையும் கொண்டுவந்தார். இதுக்கு இது ஒண்ணுதான் மருந்து, மைனஸ் நாப்பதுலயும் உறையாது என்றார். நான் வேண்டாம் என்றேன். அட்டையில் கையெழுத்துப் போட்டவள் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை, ஞானஸ்நான நாளில், சாராயமா? மணி எட்டு ஐம்பது. "அக்கா, கார்தானே குடிக்கப் போகுது, நீங்களா குடிக்கப் போறீங்க?" என்றார். யோசித்துப் பார்த்ததில் கார் எந்த அட்டையிலும் கையெழுத்துப் போடவில்லை. சரி என்றேன். உங்கள் தம்பி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்தார். ஓட்மார் ஊற்றினார். நான் குனிந்து புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலடியில் என் கெட்டில் தண்ணீர் உறைந்து கிடந்ததை மூன்று பேருமே மறந்துவிட்டோம். ஓட்மார் வழுக்கினார். விழும்போதும் கேனை விடவில்லை, அது அவர் குணம், ஆனால் கேன் என் பக்கம் சாய்ந்தது. வலது கை முழுதும், மேல்கோட்டு, உள்ளே விழா உடையின் பாவாடை வரைக்கும். நல்ல கம்பளி, அண்ணி. எதைக் குடித்தாலும் விடாது. உடை மாற்ற நேரமில்லை, மாற்று விழா உடையும் இல்லை. வாடைக்குக் காரணம் இதுதான். இது மட்டும்தான்.

ஊற்றிய சாராயம் பனிக்குள் இறங்க இருபது நிமிடம் ஆகும் என்றார் ஓட்மார். கை ஈரமாகி எனக்கு நடுக்கம் எடுத்தது. ஓட்மார் மன்னிப்புக் கேட்டபடி உள்ளே போய் சூடாகக் காபி கொண்டுவந்து கொடுத்தார். உங்கள் தம்பி வயிற்றைத் தடவிக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். நான் இரண்டு கோப்பை குடித்தேன். தனியாள் வீட்டுக் காபி என்பது பார்த்ததும் தெரிந்தது: அவ்வளவு நீர்த்த காபி, கோப்பையின் அடியில் கிடந்த ஐந்து குரோனர் நாணயம் அப்படியே தெரிந்தது. பாவம், சில்லறையைக் கோப்பையில் போட்டு வைத்து மறந்துபோயிருக்கிறார். தூளில் சிக்கனம் பார்த்தாலும் சர்க்கரையில் பார்க்கவில்லை. வாசனை ஒன்றும் தெரியவில்லை, என் கோட்டு வாடைக்கு முன்னால் எந்த வாசனையும் நிற்காது. நாணயத்தைத் துடைத்துப் பையில் போட்டு, உங்கள் தேவாலயத்தில் மிஷன் உண்டியலில் அவர் சார்பாகப் போட்டேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு பிளக் 'டக்' என்று கழன்று வந்தது. உங்கள் தம்பி ஓட்டினார்.

இனி வழியில் நடந்தது. இதை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். ஏரிப் பாலம் தாண்டியதும் என் விலா எலும்புக்குக் கீழே ஒரு வெப்பம் எழுந்தது. காரின் ஹீட்டர் இல்லை, சார்ஜ் மிச்சம் பிடிக்க அதை நாங்கள் போடவில்லை. அந்த வெப்பம் மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தது, பயம் எல்லாம் கழன்றது. பாடத் தோன்றியது, பாடினேன். உங்கள் தம்பியின் முகம் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்து பல வருடம் ஆகிவிட்டது, அதைச் சொன்னேன். தேவாலயத்தில் மூன்றாவது சரணத்தை மற்றவர்களுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன் என்று மாரித் சொன்னாள். பெண் பாதிரியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் குழந்தையை ஏந்திய கை அசையவில்லை, அதற்கு எல்லோரும் சாட்சி.

பிறகு கூடத்தில், கேக் வெட்டும்போது, எழுந்து உங்களிடம் வந்து ப்ரோச்சைக் கழற்றி உங்கள் மார்பில் குத்தினேன். அப்போது சொன்னதைத் திரும்பவும் இங்கே எழுதுகிறேன். அம்மா கர்த்தரிடம் போவதற்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, நான் கஞ்சி ஊட்டும்போது, "ப்ரோச் குன்வோருக்கு" என்றார்கள். தெளிவாகச் சொன்னார்கள். மூன்று வருடம் நான் குளிப்பாட்டினேன், நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வந்து போனீர்கள், அந்தக் கணக்கை மனதில் போட்டுப் பார்த்து எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்டவர்களிடம் எல்லாம், அம்மா எனக்குக் கொடுத்தார்கள் என்றேன். எல்லாவற்றையும் குறித்து வைக்கிற நான், அந்தச் செவ்வாய்க்கிழமையை மட்டும் நோட்டில் எழுதவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் நீங்கள் என்னோடு ஜன்னலைப் பார்த்தே பேசினீர்கள். உங்கள்மேல் தப்பில்லை.

நீங்கள் அதைக் கேட்டுவிட்டு என்னை மோந்து பார்த்தீர்கள். "வீட்டுக்குப் போய்ப் படு போர்கில்ட்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது. நகை போனால் போகட்டும், திரும்பி வந்தாலும் வரட்டும். அம்மா உங்களை நினைத்தார்கள் என்பது மட்டும் குடிகாரி உளறலாகிவிடக் கூடாது. ஆகவே ஆண்டவர் முன்னிலையில் சொல்கிறேன்: ஒரு சொட்டும் என் வாய்க்குள் போகவில்லை. அந்த வெப்பம் கர்த்தருடையது. பதினொரு வருடம் உறைந்து கிடந்ததை அவரே தம் கையால் கழற்றினார். ப்ரோச்சை இதோடு உங்களுக்கே திரும்ப அனுப்புகிறேன்.

மாரித்துக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பு. தூவாக்குட்டியின் நெற்றியில் என் முத்தம். கர்த்தர் உங்கள் வாசலையும் சாலையையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
போர்கில்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஓட்மாரின் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், நன்றிக்கு ஆறு பன்னோடு. உங்கள் நாணயம் பத்திரமாக மிஷனுக்குப் போய்ச் சேர்ந்தது என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்தும் சிரித்தார். "அக்கா, நாப்பத்தோரு வருஷமா இங்க இருக்கீங்க, இது கூடத் தெரியாதா? அடியில காசு போடணும். காசு மறையுற வரைக்கும் காபி. அப்புறம் மறுபடி காசு தெரியுற வரைக்கும் நம்ம சரக்கு. எங்க பக்கம் அதான் அளவு. நான் தூள்ல கஞ்சத்தனம் பண்றேன்னா நெனச்சீங்க?"

அண்ணி, நீங்கள் சரியாகத்தான் மோந்து பார்த்தீர்கள். ஒரு சொட்டும் போகவில்லை என்ற வரியை அடித்துவிடுங்கள். இரண்டு கோப்பை. வெப்பம் கர்த்தருடையது என்று எழுதியதையும் அடியுங்கள், அது ஓட்மாருடையது. உங்கள் தம்பிக்கு வாசனையிலேயே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பாடிக்கிட்டிருந்தே" என்றார். வருகிற ஞாயிறு ஜெப வீட்டில் எழுந்து நின்று அட்டையைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் கிழித்தால் இந்தப் பின்குறிப்பை எழுத எனக்குத் தைரியம் வராது.

ஒன்று மட்டும் அடிக்க வேண்டாம். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது. நான் தெளிவாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லியிருக்கவே மாட்டேன், ப்ரோச் இன்றும் என் மார்பில்தான் இருந்திருக்கும். பதினொரு வருடம் நான் தெளிவாகத்தான் இருந்தேன். இப்போது காலை மணி பத்தே கால், என் எதிரில் கிணற்றுத் தண்ணீர் ஒரு தம்ளர். அம்மா "ப்ரோச் குன்வோருக்கு" என்றார்கள். இதற்குக் கீழே உங்கள் தம்பியும் கையெழுத்துப் போடுகிறார்.

தண்ணீர்தான். ஹால்வர்.

ப்ரோச்சின் ஊசி கொஞ்சம் வளைந்திருக்கிறது, பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள். நான் அனுப்பிய கம்பளித் தொப்பியைக் காரில் மாட்ட வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள். ப்ரோச்சை அனுப்பாதீர்கள்.